விழுவது நிஜம் என்றார் வனஜா

செந்திலின் பெயர் வண்டியின் திரையில் வந்தபோது நாங்கள் உம் அல் குவைனைத் தாண்டிக்கொண்டிருந்தோம். வனஜாவின் கணவர் செந்தில் காலை நேரத்தில் யாரையும் அழைப்பவர் அல்ல. பக்கத்து இருக்கையில் இருந்த ராமலிங்கம், எடுக்காதீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். எடுத்தேன். "முடிஞ்சுதுங்க சார்" என்றார் செந்தில். வண்டியை ஓரங்கட்டினேன். வண்டியின் பின்னிருக்கை வனஜா ஊருக்குப் போன நாளிலிருந்தே காலியாகத்தான் இருந்தது. அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமாவில் இருக்கும் எங்கள் டைல்ஸ் தொழிற்சாலைக்கு நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் போய் வந்தோம். நான் தரக்கட்டுப்பாடு, ராமலிங்கம் சரக்கு அனுப்பும் பிரிவு, வனஜா உற்பத்தித் திட்டப் பிரிவு. நம் குழுவில் இருக்கும் உங்களில் அலுவலகக்காரர்களுக்கு அவர் திட்டப் பிரிவு வனஜா. பேக்கிங் பிரிவுப் பையன்களுக்கு அவர் 'ஜப்பான் மேடம்'. அவரை அறிந்த எல்லோரும் நல்ல வார்த்தைகள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு என்னால் ஒரு வரி கூட எழுத முடியாது. அவர் மகள் தாரணியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வனஜாவுக்கு ஜப்பான் மல்யுத்தம் என்றால் உயிர். சுமோ இல்லை. கயிறு கட்டிய சதுர மேடையில், வண்ண ஜட்டி போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டு அடித்துக்கொள்வார்களே, அது. திருமணத்துக்கு முன் ராஸ் அல் கைமா விடுதியில் இருந்த நாட்களில் ஒரு பிலிப்பைன்ஸ் தோழி காட்டிக் கொடுத்த பழக்கம். பின்னிருக்கையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டே வருவார். ஒருநாள் திடீரென்று, "எந்திரிடா சாமி, எந்திரி" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் பிரேக்கில் காலை வைத்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் கொடுத்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எல்லாம் முன்னாடியே பேசி வச்சிக்கிட்டு ஆடுற நாடகந்தானேம்மா? இதுக்குப் போய் உசிர விடுதியே" என்றேன்.

"ஜெயிக்கறது யாருன்னு பேசி வச்சதுதானுங்க சார்" என்றார் வனஜா. "விழுகறது நிஜமுங்க. அத யாரும் பேசி வைக்க முடியாது."

எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான், அது நாடகம்தான் என்று காட்டிவிட, ராமலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை மதியம் ஷார்ஜா ரோலாவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். ஜப்பானில் மாலை நிகழ்ச்சி தொடங்கும் நேரம் இங்கே சாப்பாட்டு நேரம். செந்தில் வேலை போய் வீட்டில் இருந்த காலம் அது. அவர்தான் சாம்பார் வைத்து அப்பளம் பொரித்திருந்தார். வாசலிலேயே வனஜா எங்கள் போன்களை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார். முடிவை எவனாவது முந்திக்கொண்டு அனுப்பிவிட்டால் பார்ப்பதில் பொருளே இல்லையாம்.

நான் பெரிய வீரர் யார், சாம்பியன் யார் என்று கேட்டேன். வனஜா தலையை ஆட்டினார். "அங்க இருந்து ஆரம்பிச்சா ஒண்ணும் புரியாதுங்க சார். முதல் ஆட்டத்துல கறுப்பு ஜட்டி போட்டுட்டு வருவானுங்க பாருங்க, புதுப் பசங்க, அவனுங்கள்ல ஒருத்தனப் புடிச்சுக்கோங்க. அவனுக்கு வித்தை காட்ட அனுமதி இல்ல. பேரு இல்ல, பாட்டு இல்ல. தோத்துட்டே இருப்பான். அவன் கூடவே நீங்களும் தோத்துட்டு இருங்க. ஒரு வருசத்துல நீங்க ரசிகர் ஆயிருவீங்க."

நான் பிடித்தது ஒரு குட்டையான பையனை. பெயர் வாயில் நுழையவில்லை, 'கட்டையன்' என்று வைத்துக்கொண்டோம். கட்டையன் வாரா வாரம் தோற்றான். முதுகை வளைத்துப் பிடிக்கிற ஒரே பிடியில் ஆள் மாற்றி ஆள் அவனை மடக்கினார்கள். கயிற்றைத் தொட்டுவிட்டால் எதிராளி விட்டாக வேண்டும் என்பது சட்டம். கட்டையன் விரல்நுனியால் கயிற்றை எட்ட நகர்ந்துபோன ஒரு மதியத்தில், நான் சோற்றுக் கையோடு சோபாவை விட்டு எழுந்து நின்றிருந்தேன். ராமலிங்கம் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த தாரணி எட்டிப் பார்த்து, "அங்கிள், ப்ளீஸ், எக்ஸாம் இருக்கு" என்றாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அடிப்பவனைப் பார்க்காதீர்கள், அடி வாங்குபவனைப் பாருங்கள் என்பார். ஜப்பான்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, மாறி மாறி நெஞ்சில் அறைந்துகொள்வார்கள். ஒருவன் அறைந்ததும் மற்றவன் விலக மாட்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் அடி என்று நெஞ்சைக் காட்டுவான். நெஞ்சு சிவந்து ரத்தம் கட்டிவிடும். "விலகிட்டா என்னம்மா, குடியா முழுகிரும்?" என்று நான் கேட்டதற்கு வனஜா, "விலகலாமுங்க சார். ஆனா விலகுனவன் கூட அடுத்த வாரம் யாரும் மோத வர மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் நெஞ்செலும்பைக் கையால் தேய்த்துக்கொண்டார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. இப்போது அது ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது.

தாரணி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த ஆண்டு. குளிர் தொடங்கியதும் நம் சாலையில் காலைப் பனிமூட்டம் இறங்குமே, அப்படி ஒரு நாள். ராமலிங்கம் விடுப்பில் இருந்தார். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை மட்டும் மங்கலாகத் தெரிந்தது, முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. பின்னிருக்கையில் வனஜாவின் பேச்சு பாதியில் நின்றது. கட்டையனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் கழுத்து சாய்ந்து, தலை கண்ணாடியில் முட்டிக் கிடக்கிறது. அந்த மூட்டத்தில் நிறுத்தவும் பயம், ஓட்டவும் பயம். பேர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓட்டினேன். ராஸ் அல் கைமாவில் ஒரு மருத்துவமனை வாசலில் நிறுத்தியபோது கண் விழித்து, "ஏனுங்க சார் இங்க வந்தீங்க, ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்றார்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கியிருப்பதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மெலிந்த இடம் எப்போது வேண்டுமானாலும் கிழியலாம். அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும், தள்ளிப் போடக் கூடாது. அதுவரை கனம் தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. மருத்துவர் பொறுமையாக வரைந்து காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வனஜா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மார்ச் வரைக்கும் தாங்குமுங்களா டாக்டர்?"

மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் புருஷன் என்று நினைத்திருப்பார். எனக்கு அந்தக் கேள்வி விளங்கவே சற்று நேரம் ஆயிற்று. மார்ச்சில் தாரணியின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிகிறது.

அவருடைய கணக்கை இங்கே வேலை பார்க்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செந்திலுக்கு வேலை இல்லை. புருஷனும் மகளும் வனஜாவின் விசாவில் இருந்தார்கள். நெஞ்சைத் திறந்து அறுவை என்று எழுதிக் கொடுத்து நீண்ட விடுப்பில் போனால், நாற்காலி காத்திருக்குமா என்று தெரியாது. வேலை போனால் தேர்வு நடுவில் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். மகளுக்குத் தெரிந்தால் அவள் பேனாவைத் தொட மாட்டாள். ஆகவே மார்ச் வரை வாயைத் திறக்கக் கூடாது. தேர்வு முடிந்ததும் கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அறுவையை முடித்துக்கொள்ளலாம். "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாமுங்க சார்" என்றார். இந்த ஊரில் பல்வலியிலிருந்து புற்றுவரை நாம் எல்லோரும் சொல்லும் அதே வாக்கியம்.

நான் அவரைச் சும்மா விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். செந்தில் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். விடுப்பிலிருந்து வந்த ராமலிங்கம், "பொண்ணு அடுத்த வருஷம் எழுதிக்கட்டுமேம்மா, நீ இல்லாம எழுதி என்ன பண்ணப் போவுது" என்று நேராகவே கேட்டார். நான் வண்டியிலேயே கத்தினேன். கத்தினால் வனஜா அமைதியாகச் சொல்வார்: "கத்தாதீங்க சார், எனக்கு பிரஷர் ஏறும்." சண்டை போட்டாலே செத்துப் போகக்கூடிய ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது? தாரணியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொன்னீங்கன்னா நாளையிலிருந்து நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டு போவார், செய்யக்கூடியவர்தான். மூன்று பேரும் பணிந்தோம்.

அதற்குப் பிறகு அந்தச் சனிக்கிழமைகள் பழைய சனிக்கிழமைகளாக இல்லை. நாங்கள் திரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கும் வனஜாவைப் பார்த்தோம். ஆட்டம் சூடு பிடித்தால் செந்தில் சத்தத்தைக் குறைப்பார். வனஜா மறுபடி கூட்டுவார். ஒருமுறை நான் தொண்டையைக் கனைத்ததற்கே ராமலிங்கம் திடுக்கிட்டு எழுந்தார். உள்ளறையில் தாரணி வேதியியல் சமன்பாடுகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தக் குரல் கேட்கும்வரை வனஜாவின் முகம் தெளிவாக இருக்கும்.

வனஜாவின் பிரியத்துக்குரிய வீரர் ஒருவர் இருந்தார். வயதானவர், கழுத்து எலும்பு தேய்ந்தவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பெரியவர்'. புத்தாண்டு முடிந்த கையோடு நடக்கும் பெரிய நிகழ்ச்சியில் அவர் இளைஞன் ஒருவனோடு மோதினார். தலைகீழாகத் தூக்கிப் போடும் ஒரு வீச்சில், தோள் படவேண்டிய இடத்தில் கழுத்து பட்டது. பெரியவர் அசையவில்லை. நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு நிமிர்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிக் காட்டினார். இது நாடகம் இல்லை, ஆளை உண்மையாகவே காப்பாற்ற வேண்டும் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லும் சைகை அது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது வனஜாதான். அத்தனை ஆயிரம் பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தம் இல்லை. கறுப்பு ஜட்டிப் பையன்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள்.

"போன வருசமே நிறுத்தியிருக்கோணும்" என்றார் வனஜா. அவர் உதடு வெளுத்திருந்தது. "எல்லார்த்துக்கும் தெரியும். அவருக்கே தெரியும். நிறுத்துனா என்ன, யாரு கேக்கப் போறாங்க?"

நான் அந்த வாய்ப்பை விடவில்லை. "இத நீ உங்கிட்டயே சொல்லு பாப்போம்" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அவரு பொண்ணுக்குப் பரீட்சை இல்லீங்களே சார்."

செந்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அவர் அங்கே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது எங்களுக்குக் கேட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை விட்டுவிட்டு, கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு, இப்போது வர்ணனை மேசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மார்ச் வரை தாங்கியது. கடைசித் தேர்வு எழுதிவிட்டுத் தாரணி வந்த அன்று வனஜா கேசரி கிண்டி எங்களுக்கும் கொடுத்து அனுப்பினார். அந்த இரவில்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பாதி: சின்ன ஆபரேஷன், இரண்டே வாரம். ஊருக்குப் போகும் முன் கடைசி வேலை நாளில், பேக்கிங் பிரிவுப் பையன்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். இவர்களையும் வனஜாதான் ரசிகர்களாக்கியிருந்தார். ஜப்பானில் ஒரு வீரர் விடைபெறும்போது அவரை மேடை நடுவில் நிறுத்தி, வண்ணக் காகிதச் சுருள்களை வீசி, வெண்கல மணியைப் பத்து முறை மெதுவாக அடிப்பார்கள். பையன்கள் அதைத்தான் செய்ய நினைத்தார்கள். மரப்பலகை மேடை போட்டு, வனஜாவின் பெயரை ஜப்பான் அறிவிப்பாளர்போல இழுத்து இழுத்துச் சொல்லி, பேக்கிங் நாடாக்களை வீசினார்கள். வனஜா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு புதுக்கோட்டைக் குமரேசன், ஷிப்ட் மாறத் தட்டும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தான்.

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள், அங்கே அப்படித்தான் நிற்பார்கள். ஒரு அடி, அது அடங்கும்வரை அமைதி, அடுத்த அடி. பாதியிலேயே ராமலிங்கம் என் முழங்கையைப் பிடித்தார். "சார், சாவு வூட்டு சேகண்டி மாரி கேக்குது. வாணாம், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. சங்கு ஒன்றுதான் பாக்கி. நான் கையைத் தூக்கினேன். வனஜா கண்ணாலேயே வேண்டாம் என்றார். பத்து முடியும்வரை அசையாமல் நின்றார். பையன்கள் கை தட்டினார்கள். அவர்கள்மேல் குற்றமே இல்லை. மேடம் லீவில் போகிறார் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் வனஜா கேட்டார். "சார், பத்து மணி அடிக்கறது ஓய்வு பெறறவங்களுக்குத்தானுங்களே? லீவுல போறவங்களுக்கு இல்லீங்களே?"

"பயலுவளுக்கு என்னத்தத் தெரியும்" என்றேன்.

"பரவால்லீங்க. அங்க மணி அடிச்சு அனுப்புன ஆளுக முக்காவாசிப் பேரு மறுபடி சண்டைக்கு வந்திருக்காங்க" என்று சிரித்தார். ராமலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோலாவில் இறங்கும்போது, "மே மாசம் இந்த சீட்டுல வேற யாரையும் ஏத்தீறாதீங்க" என்றார்.

கோயம்புத்தூர் மருத்துவமனையில் சேர்த்து, பரிசோதனைகள் முடிந்து, அறுவைக்கு நாளும் குறித்தார்கள். அந்த நாளுக்கு முந்தைய விடியலில் ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்தாராம். கனம் எதையும் தூக்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தாரணி என்னை அழைத்தாள். அவள் எப்போதும் என்னிடம் ஆங்கிலம் கலந்துதான் பேசுவாள். அன்று முழுக்கத் தமிழில் பேசினாள். "அங்கிள், அம்மாவுக்கு இது எப்போ தெரியும்?" நான் சொன்னேன். "உங்களுக்கு?" அதையும் சொன்னேன். "அப்பாவுக்கும் ராமலிங்கம் அங்கிளுக்கும்?" ஆமாம் என்றேன். "அப்போ நான் படிச்சிட்டிருந்தப்போ, கூடத்துல உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றாள். "பரீட்சை திரும்ப எழுதலாம் அங்கிள். எங்கிட்ட யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருந்தா அம்மா கேட்டிருப்பாங்க."

கேட்டிருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. எங்கள் மூன்று பேரின் கத்தலுக்கும் கெஞ்சலுக்கும் அசையாத அந்தப் பெண்மணி, மகள் ஒரு சொல் சொன்னால் மறுநாளே விமானம் ஏறியிருப்பார். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த ஒரு கதவை மட்டும் அத்தனை பேரையும் காவலுக்கு வைத்துப் பூட்டினார். வனஜா, உன்னைப்போல் கூர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. உன்னைப்போல் என்னை ஏமாற்றியவரும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். நல்ல நினைவுகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இது என்னிடம் இருக்கட்டும். இதை வைத்துச் செய்ய எனக்கு வேலை இருக்கிறது.

ராமலிங்கம், சபையில் சொல்வதற்கு மன்னியுங்கள். போன மாதத்திலிருந்து நீங்கள் இடது செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். சர்க்கரைக்காரர் காலில் ஆறாத புண். கேட்டால், "ஜூலைல ஊருக்குப் போயிப் பாத்துக்கலாம் சார்" என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வண்டியில் அந்தப் புண் நாறியது. நான் உங்களிடம் கத்தவில்லை. சனிக்கிழமை காலை உங்களுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், வண்டி உங்கள் வாசலில் நிற்கும். வர மாட்டேன் என்று நீங்கள் அடம் பிடிக்கலாம். ஆனால் நேற்று மாலை திருச்சியில் படிக்கும் உங்கள் மகனை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.